ஆறு நொடி குறைத்தேன்

அந்தப் போக்குவரத்து ஏட்டம்மாவை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அவருடைய இடது உள்ளங்கைதான். திண்டுக்கல்லில் பேருந்துகள் வந்து திரும்பும் ஒரு நாற்சந்தியில், முட்ட வரும் மாட்டின் நெற்றியில் கை வைப்பவர்போல அதை நீட்டிக்கொண்டு நிற்பார். வத்தலக்குண்டுப் பேருந்தோ காய்கறி ஏற்றிய லாரியோ, அந்தக் கைக்கு நாலடி தள்ளி உறுமிக்கொண்டு நின்றுவிடும். வலது கை அதற்குள் நடந்துபோகிறவர்களை வாரிக்கொண்டுபோய் எதிர்ப்பக்கம் சேர்த்திருக்கும். "ஏத்தா, பூவு கொட்டுனா அப்பறம் பொறுக்கலாம், மொதல்ல நீ வா" என்று கூடைக்காரியை இழுப்பார். அதே மூச்சில் டவுன் பஸ் டிரைவரிடம், "என்னப்பு ஆரன அமுக்குற, குறுக்க போறது உன் மாமியாளா?" என்பார். டிரைவர் சிரித்துவிடுவார்.

அப்போது நான் சிக்னல் வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். அந்தச் சந்திக்குப் புதிதாகச் சிக்னல் வரப்போகிறது. எந்தத் திசையிலிருந்து எத்தனை வண்டிகள் வருகின்றன, எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள் என்று எண்ணி, எந்த விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்று முடிவுசெய்வது என் வேலை. எனக்கு ஏழாம் மாதம். போலீஸ் கூண்டுக்குள் இருந்த ஒரே ஸ்டூலை ஏட்டம்மா வெளியே எடுத்துப் போட்டுக் கொடுத்தார். "புள்ளத்தாச்சிய வெயில்ல ஒக்கார வச்சு வண்டி எண்ணச் சொல்லியிருக்காய்ங்களே, அவய்ங்களுக்குப் பொண்டாட்டி புள்ள கெடையாதா?" என்று எங்கள் அலுவலகத்தைத் திட்டிக்கொண்டே கொடுத்தார்.

நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் சிவப்பு விழுந்து, நடப்பவர்கள் மட்டும் கடக்கும் நேரம் ஒன்று உண்டு. நாங்கள் வைத்திருந்த விதிப்படி ஒரு ஆள் நொடிக்கு நாலடி நடப்பார். சாலையின் அகலம் ஐம்பத்தாறு அடி. ஆகவே பதினான்கு நொடி போதும். ஆனால் நான் அங்கே பார்த்த ஆட்கள் அப்படி நடக்கவில்லை. தலையில் கூடையோடு வருகிறவர்கள், சின்னாளப்பட்டியிலிருந்து சேலை மூட்டையைத் தோளில் சுமந்து இறங்கும் நெசவாளர்கள், பேருந்தில் உட்கார்ந்து கால் மரத்துப்போனவர்கள் என்று பலருக்கும் இருபது நொடி ஆனது. நானே கையில் கடிகாரத்தோடு ஒருமுறை கடந்து பார்த்தேன். பத்தொன்பது.

"வயித்துல இருக்க புள்ள என்ன சொல்லுது, எம்புட்டு நேரம் வேணுமாம்?" என்று ஏட்டம்மா கேட்டார்.

"இருபது நொடி வேணுமாம்."

"அப்ப இருபதுன்னே எழுது தாயி. பொறக்கப்போறவுகளே சொல்லிட்டாக, அப்பறம் என்ன?"

இருபது என்றுதான் எழுதினேன். அலுவலகத்தில் மேலாளர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு நொடி வீணானால் வண்டி வரிசை பேருந்து நிலையத்துக்குள்ளேயே நீண்டுவிடும் என்றார். "ரூல்ல பதினாலுதானம்மா இருக்கு? நீங்களா எதுக்குக் கூட்டுறீங்க?" பிரசவ விடுப்புக்கு முந்தைய கடைசி வாரம் அது. நேரம் பார்த்துக் குறித்த தாள் என் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். வயிற்றுப் பிள்ளைக்காரி தன்னை வைத்து ஊரையே அளக்கிறாள் என்று சொல்வார்களோ, திரும்பி வரும்போது வேலை இருக்குமோ இருக்காதோ என்று ஏதேதோ ஓடியது. இருபதை விட்டுவிட்டுப் புதுத் தாளில் பதினான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஏட்டம்மாதான் அங்கே நிற்கிறாரே, மீதி ஆறு நொடியை அவர் கை பார்த்துக்கொள்ளும்.

சிக்னல் எரியத் தொடங்கியபோது என் மகளுக்கு எட்டு மாதம். இனிமேல் கூண்டிலிருந்து கவனித்தால் போதும் என்று ஏட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். வண்டியோட்டிகளின் கண்கள் கையை விட்டு விளக்குக்கு ஏறிவிட்டதை நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை. ஒருநாள் காலை மூட்டையோடு ஒரு நெசவாளர் முக்கால் வழியில் இருக்கும்போது வண்டிகளுக்குப் பச்சை விழுந்துவிட்டது. ஏட்டம்மா பழையபடி கையை நீட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். தூரத்திலிருந்தே பச்சையைப் பார்த்து வந்த லாரி வேகத்தைக் குறைக்கவில்லை. நெசவாளர் பிழைத்துக்கொண்டார். ஏட்டம்மா மூன்றாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

விசாரணைக்காக எங்கள் கோப்பைக் கேட்டிருந்தார்கள். வேலைக்குத் திரும்பியிருந்த நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதில் பதினான்கு மட்டும்தான் இருந்தது. இருபது என்று நேரம் குறித்த அந்தத் தாள் வீட்டு பீரோவில், சேலைகளுக்கு அடியில். அது ஏன் கோப்பில் இல்லை என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சிக்னல் சரியாகவே இயங்கியது, பச்சை விளக்கின்போது கவனக்குறைவாகச் சாலைக்குள் நுழைந்தது அவருடைய தவறு என்று எழுதி முடித்தார்கள். "விதிப்படிதான போட்ட, விடு" என்கிறார் என் கணவர். விதிப்படிதான். இருபது இருந்திருந்தாலும் அந்த லாரி நின்றிருக்குமா என்று சில நாள் வாதாடிப் பார்ப்பேன். லாரி நிற்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. நெசவாளர் கரையேறியிருப்பார், ஏட்டம்மா கூண்டிலேயே இருந்திருப்பார். இந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் மாறுவதில்லை. சிக்னலை மாற்றக் கேட்டு மனு எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். இந்த எண்ணை யார் குறைத்தது என்ற வரி வரும்போதெல்லாம் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இப்போது மகளின் பள்ளி அந்தச் சந்தியைத் தாண்டித்தான். நடக்கும் நேரம் தொடங்கியதும் விளக்கின் கீழ் எண்கள் இறங்குவதைப் பார்த்து, "பதினாலு, பதிமூணு" என்று அவளும் கூடவே எண்ணிக்கொண்டு வருவாள். போன வாரம் அவள் செருப்பு கழன்று, நாங்கள் பாதியில் இருக்கும்போதே எண்கள் தீர்ந்துவிட்டன. பக்கத்தில் ஒரு வேன் இரைந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஓரத்தில் நின்றேன்.

"ஏம்மா இம்புட்டு சீக்கிரம் முடிஞ்சிருது? யாரு இத வச்சது?"

பக்கத்தில் இன்னும் சில தாய்மார் நின்றிருந்தார்கள்.

"போலீஸ்" என்றேன்.

"அந்தப் போலீசு தப்பா வச்சிட்டாங்களாம்மா?"

பள்ளி மணி அடித்துவிடும் நேரம். அவளுடைய ஒற்றைச் செருப்பு சாலை நடுவில் கிடந்தது.

"ஆமா" என்றேன்.