ஜனவரி முதலாம் திகதிப் பிள்ளை

அந்த நாளில் டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் மாமாங்கம் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வந்தாறுமூலைக்காரர், தோட்ட வேலைக்குப் போனவர். மற்றவர் ஆரையம்பதிப் பொன்னுப்பிள்ளையின் மூத்த மகன், தங்கராணியைக் கட்டியவர், துணி ஆலையில் சாயத்தொட்டியடியில் நின்றவர். இது அந்தச் சாயத்தொட்டி மாமாங்கத்தின் கதை. இவரை எண்பத்தாறில் டென்மார்க்குக்குக் கூப்பிட்டது தங்கராணியின் பெரியம்மா மகன் கனகசபை. கனகசபை இருந்தது நாட்டின் மறு தொங்கலில், புரொண்பியில். ஆனாலும் இக்காஸ்ட் வீட்டுச் சட்டியில் என்ன கறி கொதிக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவு ரெலிபோன்.

மாமாங்கத்தின் கைநகம் ஒரு கிழமை நீலமாக இருக்கும், மறு கிழமை சிவப்பாக இருக்கும். பயந்த சுபாவமுள்ள ஆள் என்று சொல்ல முடியாது. கொதிக்கிற சாயத்துக்குப் பக்கத்தில் நின்று பாட்டுப் பாடுகிறவர். ஆனால் அரச கிரீடம் அச்சடித்த கடிதம் ஒன்று வீட்டுக் கதவால் விழுந்துவிட்டால் போதும், போய்க் கையைக் கழுவிவிட்டு வந்துதான் அதைத் தொடுவார். தொட்டாலும் உடைக்கமாட்டார். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து வாசிக்கும்வரை அது மேசையில் கிடக்கும்.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. எண்பத்தேழு மாசி மாதம் மனைவியையும் மகள் நிலானியையும் கூப்பிட விண்ணப்பம் கொடுக்கப் போனார். படிவத்தை எழுதிய உத்தியோகத்தர் பிள்ளை பிறந்த திகதியைக் கேட்டார். மாமாங்கத்துக்கு எல்லாம் தெரியும்.

"கார்த்திகை மாசம், திருவோண நட்சத்திரம், செவ்வாய்க்கிழமை விடியப்புறம். சூறாவளி அடிச்சுப் பன்னிரண்டாம் நாள். கூரை இல்லாத பள்ளிக்கூடத்துக்குள்ளதான் புள்ள பிறந்தது" என்றார்.

மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்துப் பெடியன் பேனையைக் கீழே வைத்தான். "அண்ணை, நட்சத்திரம் எழுத இதில இடமில்லை. ஆண்டைச் சொல்லுங்கோ."

"எழுபத்தெட்டு."

திகதி தெரியாதவர்களுக்கு அந்த நாளில் செய்கிறபடி, உத்தியோகத்தர் ஜனவரி முதலாம் திகதி என்று போட்டுவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருசம். போய்க் கேட்டாலும் எழுதிக் கேட்டாலும் ஒரே பதில்தான்: உங்கள் விடயம் பரிசீலனையில் இருக்கிறது. மேலிடத்தில் தமிழர்களின் கோப்புகளை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதும், அது தமிழர் வழக்கு என்று பத்திரிகை முழுக்க நாறப்போகிறது என்பதும் அப்போது யாருக்குத் தெரியும்? தான் சொல்லி எழுதுவித்ததில்தான் ஏதோ பிழை என்று மாமாங்கம் நினைத்தார். சாயத்தொட்டியடியில் நின்றபடியே அந்தப் படிவத்தை வரி வரியாக மனதுக்குள் திருப்பி வாசிப்பார்.

எண்பத்தொன்பதில் அனுமதி வந்தபோது தங்கராணிக்கு ஒரே ஒரு கட்டளை எழுதினார். மகளின் பாஸ்போட்டில் ஜனவரி முதலாம் திகதி என்றுதான் இருக்க வேண்டும். ஒரு நாள் மாறினாலும் விமான நிலையத்தில் வைத்துத் திருப்பிவிடுவார்கள். தங்கராணி கொழும்பில் ஆளைப் பிடித்து அப்படியே செய்துகொண்டு வந்து சேர்ந்தாள். அன்றைக்கு மாமாங்கம் மகளைத் தூக்கிய தூக்கில் அவளுடைய ஒரு சப்பாத்து கழன்று போனது.

நிலானிக்கு அதனால் இரண்டு பிறந்தநாள். தைமாதப் பள்ளி தொடங்குகிற அன்று வகுப்பில் டெனிஷ் வழக்கப்படி கொடி வைத்துப் பாடுவார்கள். கார்த்திகைத் திருவோணத்தன்று வீட்டில் பாயாசம். அவளுக்கு அது லாபம்தான்.

ஐஸ் சறுக்கு விளையாட்டு வீட்டுக்குள் வந்தது ஸ்வென் என்பவனால். மாமாங்கத்தோடு ஆலையில் வேலை செய்த டெனிஷ்காரன். அவனுடைய மகன் யெஸ்பர், பக்கத்து ஊரான ஹேர்னிங் சறுக்கு மண்டபத்தில் சோடிச் சறுக்கு பழகினான். ஆணும் பெண்ணுமாக ஐஸில் சறுக்கிக்கொண்டே போய், அவன் அவளைத் தலைக்கு மேல் தூக்குவான், எறிவான், அவள் சுழன்று ஒற்றைக் காலில் வந்து நிற்பாள். பையன் தயார், சோடிதான் இல்லை. அங்கத்தைய பெண்பிள்ளைகள் வாட்டசாட்டமாக வளர்ந்து நின்றார்கள். ஆலைக் கொண்டாட்டத்தில் நிலானி கதிரை விட்டுக் கதிரை பாய்ந்ததைக் கண்ட ஸ்வென், மாமாங்கத்தின் தோளில் கையைப் போட்டு, "உன்ர மகள் எத்தனை கிலோ?" என்று கேட்டான்.

மாமாங்கம் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் தங்கராணி கரண்டியோடு திரும்பினாள்.

"எத்தனை கிலோவா? ஆட்டுக்கிடாய் வாங்கவா வந்தவன்?"

"தூக்கிறதுக்காம்."

"ஆரு தூக்கிறது?"

"அவன்ட மகன்."

அந்தக் கதை முடிய ஒரு மாதம் சென்றது. கடைசியில் தங்கராணி ஒரு நிபந்தனையோடு விட்டாள்: பழகுகிற நேரமெல்லாம் தானும் வருவாள். பிளாஸ்குத் தேத்தண்ணியும் இரண்டு கம்பளிச் சட்டையுமாகப் போய்க் கரையில் இருந்து யெஸ்பரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கை எங்கே படுகிறது என்று பார்க்கப் போனவள், ஆறு மாதத்தில், கை வழுக்கிவிடுமோ என்று பார்க்கத் தொடங்கினாள். அவன் பிள்ளையைத் தலைக்கு மேல் கொண்டுபோகிறபோதெல்லாம், "டேய், விட்டிராத! விட்டிராத!" என்று கத்துவாள். யெஸ்பர் கற்ற முதல் தமிழ்ச் சொல் அதுதான். சறுக்குப் பயிற்சி கொடுத்த பிர்கிட் என்ற அம்மாவும் கொஞ்சக் காலத்தில் அதையே சொல்லிக் கத்தினாள்.

மூன்று வருசத்தில் பிள்ளைகள் நாட்டுப் போட்டிக்குப் போகிற அளவுக்கு வந்தார்கள். அதற்கு வழி சுலபமில்லை. முதலில் இரண்டு பேரும் தனித்தனியே சறுக்கிக் காட்டித் தேற வேண்டும். பிறகு சோடியாக நடுவர்களுக்கு முன்னால் தேற வேண்டும். அதற்கும் பிறகு, ஐப்பசியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று என்று இரண்டு தகுதிப் போட்டி. இரண்டில் ஒன்றிலாவது குறித்த மார்க்கை எடுத்தால்தான் தைமாத நாட்டுப் போட்டியில் பெயர் வரும். சின்னப் பிள்ளைகள் பிரிவில் நாடு முழுவதற்கும் இருந்ததே நாலு சோடி.

"நாலுதானே இருக்கு, நாலையும் விட்டா என்ன?" என்று மாமாங்கம் கேட்டார்.

"ஒரு சோடிதான் இருந்தாலும் மார்க் எடுத்துத்தான் வரவேணும்" என்றாள் பிர்கிட்.

இதில் முதல் இரண்டு தேர்வும் முடிந்துவிட்டது. தொண்ணூற்றிரண்டு புரட்டாதியில் தகுதிப் போட்டிக்குப் படிவம் நிரப்பும்போதுதான் இடறியது. டென்மார்க்கில் ஆளுக்கு ஆள் ஒரு நம்பர் உண்டு. அதன் முதல் ஆறு இலக்கமும் பிறந்த திகதி. நிலானியின் நம்பரைப் பார்த்த கழகச் செயலாளர், வயதுக் கணக்குப் பார்க்கிற ஜூலை முதலாம் திகதிக்கு முன்னமே இந்தப் பிள்ளைக்குப் பதினாலு முடிந்துவிட்டது, சின்னவர் பிரிவில் விட முடியாது என்றார். பெரியவர் பிரிவு என்றால் வேறு கணக்கு. அங்கே எறிகிற எறியில் பெண்பிள்ளை இரண்டு சுற்றுச் சுழன்று இறங்க வேண்டும். நிலானிக்கு ஒரு சுற்றுத்தான் வசப்பட்டிருந்தது.

"அது என்ட உண்மையான பிறந்தநாள் இல்ல" என்று நிலானி பிர்கிட்டிடம் சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிறு பிர்கிட் வீட்டுக்கு வந்தாள். தங்கராணி பயற்றம் பணியாரத்தை முன்னால் வைத்தாள். மாமாங்கத்துக்கு ஆலை டெனிஷ் தெரியும். ஆனால் பெரிய கதை என்றால் மகள்தான் மொழிபெயர்ப்பாள். நிலானி இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தாள்.

"நான் பிறந்தது வருசக் கடைசியிலதானே எண்டு கேக்கிறா, அப்பா."

முதல்நாள்தான் கனகசபை போனில் கத்தியிருந்தார்: "மச்சான், அந்த வழக்கு இப்ப சந்தி சிரிக்குது. ஒவ்வொரு பைலாத் தோண்டுறானுகள். நீ வேற போய்ப் பாஸ்போட்டு பிழையெண்டு சொன்னியோ, மூணு பேரும் ஒரே பிளேன்லதான்."

மாமாங்கம் பணியாரத் தட்டைப் பார்த்தார். "சொல்லு புள்ள. ஜனவரி ஒண்டுதான் சரியெண்டு சொல்லு."

நிலானி அவரைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தன் பிறந்தநாள் ஜனவரி முதலாம் திகதிதான் என்று டெனிஷில் சொன்னாள். பிர்கிட் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் தங்கராணி தட்டை எடுத்தாள். "நீங்க பொய் சொன்னதுகூடப் பரவாயில்ல. அதைப் புள்ளட வாயால சொல்ல வைச்சீங்க பாருங்க" என்றாள். மூன்று நாளாக வீட்டில் ரேடியோதான் கதைத்தது.

ஐப்பசியில் பெரியவர் பிரிவிலேயே இறங்கினார்கள். யெஸ்பர் எறிந்தான். ஒரு சுற்று வந்தாள்; இரண்டாவது சுற்றின் பாதியில் இடுப்பு ஐஸில் அடித்த சத்தம் கரைவரை கேட்டது. எழும்பி மிச்சத்தையும் சறுக்கி முடித்தாள். தேவைப்பட்ட மார்க்குக்குக் கிட்டவும் வரவில்லை. திரும்பி வரும்போது கார்க் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "எனக்குப் பதின்மூன்று வயது" என்று டெனிஷில் சொன்னாள். தகப்பனுக்குச் சொல்லவில்லை, கண்ணாடிக்குத்தான் சொன்னாள். அந்த டெனிஷ் மாமாங்கத்துக்கு நன்றாக விளங்கியது.

அடுத்த நாள் திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொன்னார். சட்டையை மினுக்கி உடுத்தார். சாமிப்படத்தடியில் இருந்த மகளின் சாதகக் கொப்பியை எடுத்து உள்பையில் வைத்தார். மகளையும் கூப்பிடவில்லை, கனகசபையையும் கேட்கவில்லை. கொமூன என்கிற நகரசபைக் கந்தோருக்குப் போய், ஆலை டெனிஷிலேயே மேசைக்கு அங்கால் இருந்த பெண்ணிடம் சொன்னார்:

"என்ர மகளின்ர பிறந்தநாள் பொய். பொய் சொன்னது நான். மகள் இல்லை."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் கொப்பியை விரித்தார். கட்டங்களைப் பார்த்து, "இது என்ன?" என்றாள்.

"மகள் பிறந்த நேரத்து வானம்."

அவள் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அடுத்த மேசைக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினாள். அதில் இங்கிலீசுத் திகதி இருப்பதை அப்போதுதான் மாமாங்கமே கண்டார். சாத்திரியார் ஓரத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்: 5.12.1978. விண்ணப்பம் எழுதிய நாளில் இந்தக் கொப்பி ஆரையம்பதிப் பெட்டகத்துக்குள் இருந்தது. அது தங்கராணியோடு வந்த பிறகு திறந்து பார்க்க ஒரு தேவையும் வரவில்லை.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

"பயம். திருப்பி அனுப்புவீங்களா?"

"இந்த மேசையில இருந்து இதுக்காக ஒருத்தரையும் நான் அனுப்பேல்ல" என்றாள். ஆனால் முடிவு தன் கையில் இல்லை என்றும், கொப்பியை மொழிபெயர்த்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் செல்லும் என்றும் சொன்னாள். விண்ணப்பம் கிடைத்தது என்று முத்திரை குத்தி ஒரு பிரதி தந்தாள்.

அதை எடுத்துக்கொண்டு நேரே ஹேர்னிங்கிற்குப் போனார். பிர்கிட்டிடமும் தானே சொன்னார்.

"தெரியும்" என்றாள் அவள். "ஐஸில ஒரு நாளும் கீழ பாக்காத பிள்ளை, அண்டைக்கு நிலத்தைப் பாத்துக்கொண்டு கதைச்சாள்."

முத்திரை குத்திய தாளை வைத்துக்கொண்டு பிர்கிட் நாட்டுச் சறுக்குச் சங்கத்தோடு மல்லுக்கட்டினாள். சங்கம் ஒரு வழி சொன்னது: கார்த்திகைப் போட்டியில் சின்னவர் பிரிவில் சறுக்கலாம், தைமாதப் பட்டியல் மூடுவதற்குள் திருத்திய பத்திரம் வராவிட்டால் எடுத்த மார்க் செல்லாது.

கார்த்திகை கடைசியில் ஆர்ஹுஸ் நகரில் இறங்கினார்கள். தங்கராணி தொண்டை கட்டும்வரை கத்தினாள். ஒற்றைச் சுற்று எறி. நிலானி கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் வந்து நின்றாள். வேண்டிய மார்க்குக்கு ஒரு மயிரிழை மேலே.

இனிப் பத்திரம் வர வேண்டும். தபாலுக்குக் காத்திருப்பது மாமாங்கத்துக்குப் பழகிய வேலைதான். ஆனால் முதல் தடவை தனியே காத்திருந்தார். இந்தத் தடவை சாயத்தொட்டியடி முழுக்கக் காத்திருந்தது. "வந்ததா?" என்று ஸ்வென் காலையில் சைக்கிளால் இறங்க முதலே கேட்பான். புரொண்பியிலிருந்து கனகசபை, "நான் அப்பவே சொன்னன்" என்று தொடங்கி, "தபால் வந்ததா மச்சான்?" என்று முடிப்பார்.

நத்தார் கழிந்து நாலாம் நாள் கிரீட உறை விழுந்தது. நிலானி படிகளால் ஓடி வந்து கையை நீட்டினாள். மாமாங்கம் கொடுக்கவில்லை. தானே உடைத்து, விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தார். முடித்துவிட்டுத் திரும்ப மேலிருந்து வாசித்தார்.

"என்னத்தத் தேடுறீங்க?" என்றாள் தங்கராணி.

"திருப்பி அனுப்புறம் எண்டு எழுதியிருக்கிற இடத்தை."

"இருக்கா?"

"இல்ல. டிசம்பர் ஐஞ்சாம் திகதி எண்டு புது நம்பர் குடுத்திரிக்கான். அவ்வளவுதான்."

அதற்குள் நிலானி யெஸ்பருக்குப் போன் எடுத்துவிட்டாள். டெனிஷ் மழையாகக் கொட்டியது. மாமாங்கத்துக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. இடையில் ஒரு வசனம் மட்டும் விளங்கியது.

"இல்ல, நான் போகேல்ல. அப்பா தனியாப் போய்த் தானே சொன்னவர்."

மாமாங்கம் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று மேசை நடுவில் விரித்து வைத்தார்.