ஆயுத பூஜை கண்ட மைக்ராஸ்கோப்

நான் உயிரியல் டீச்சராக இருந்த பாகூர் பக்கத்துப் பள்ளியில் மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்றுதான். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் வருஷம் முழுக்கப் பீரோவில் பூட்டி வைத்திருந்தோம். பாடமெல்லாம் சார்ட்டில்தான். ஒரு கையால் கைப்பிடியைப் பிடி, மறு கையை அடியில் கொடு, முதலில் சின்ன லென்ஸ், பெரிய திருகைத் திருகும்போது பக்கவாட்டில் பார், ஸ்லைடில் லென்ஸ் இடிக்கக் கூடாது. முப்பது பிள்ளைகளும் தலைகீழாக ஒப்பிப்பார்கள். ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை.

ஆயுத பூஜைக்கு மட்டும் அது வெளியே வரும். லேப் அட்டெண்டர் அண்ணன் தராசுக்கும் பீரோவுக்கும் எலும்புக்கூட்டின் நெற்றிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார்.

"லென்ஸ்ல வெச்சிடாதீங்கண்ணே" என்றேன்.

"இன்னா டீச்சர், எனக்குத் தெரியாதா? கண்ணு வெக்கிற எடத்துல வெப்பனா?"

வைக்கவில்லை. கீழே ஸ்லைடைப் பார்த்துத் தொங்கும் லென்ஸ்களில் வைத்துவிட்டார். கண் வைக்கிற இடம் மேலேதானே. நான் குனிந்து பார்க்கவில்லை. மறுபடி பீரோ, மறுபடி பூட்டு.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு வந்தது. வேறு பள்ளியிலிருந்து ஒரு சார் தேர்வாளராக வந்திருந்தார். வெங்காயத் தோலை உரித்துச் சிவப்புச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைய வேண்டும். வரிசையாக வந்தார்கள், பார்த்தார்கள், செங்கல் சுவர் மாதிரி அழகழகாகச் செல்கள் வரைந்தார்கள். ஒவ்வொரு செல்லிலும் நியூக்ளியஸ். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். அம்மா கரும்பு வெட்டப் போகிறவர். இவளுக்கு நர்சிங் சீட் வேண்டும், ஒவ்வொரு மார்க்கும் உயிர். பார்த்தாள், திருகினாள், வெளிச்சம் விழ அடியிலிருந்த கண்ணாடியைத் திருப்பினாள், மறுபடி பார்த்தாள்.

"மிஸ், ஒண்ணுமே தெரில மிஸ். செவப்பா மங்கலாத்தான் இருக்குது."

தாளில் ஒரு வட்டம் போட்டு உள்ளே பென்சிலால் தேய்த்து வைத்திருந்தாள். தேர்வாளர் எழுந்து வந்து குனிந்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மற்றதைத் திறந்து வைத்திருந்தார்.

"நல்லாத் தெரியுதேம்மா. சாயம்கூடச் சூப்பரா ஏறியிருக்கு."

அவர் இடத்துக்குத் திரும்பியதும் நான் பார்த்தேன். செக்கச்செவேல் என்று ஒரு மங்கல். லென்ஸைத் திருப்பி அடியில் பார்த்தேன். காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும் சிரித்தன.

வாயைத் திறந்தால் இருபத்தொன்பது பேரும் பார்க்காததை வரைந்தார்கள் என்று ஆகும். இத்தனை நேரம் மார்க் போட்ட தேர்வாளரும் மாட்டிக்கொள்வார். இதை மூடிவிட்டால் பார்த்ததைப் பார்த்தபடி வரைந்த ஒருத்திக்கு மட்டும் மார்க் போய்விடும். சுவரோரம் நின்ற அட்டெண்டர் அண்ணன் என்னையே பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"கண்ணை நல்லாச் சுருக்கிப் பாரும்மா, தெரியும்" என்றேன்.

அவள் மைக்ராஸ்கோப் பக்கமே திரும்பவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து வட்டத்தை அழித்தாள்.

"தெரியுது மிஸ்" என்றாள். "எத்தினி செல்லு போடணும்?"