இடப்பக்கத்து இசைத்தட்டுகள்

யூரோ காசு வந்த புதிதில், டோர்ட்மண்டில் நான் துப்புரவு வேலைக்குப் போன வீடுகளில் ஒன்றில் ஒரு பிரெஞ்சுக் கிழவர் இருந்தார். தன் நாட்டில் பெரிய சிம்பனி இசைக்குழு ஒன்றில் பசூன் ஊதியவர். பசூன் என்றால் நெஞ்சு உயரம் வரும் மரக்குழல். குழுவுக்குப் புதிதாக வந்த இசை நடத்துநர், பிரெஞ்சுக் குழல் வேண்டாம், ஜெர்மன் குழலுக்கு மாறுங்கள் என்றாராம். இவர் மாறவில்லை. குழுவை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் ஜெர்மன் மனைவியின் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

அலுமாரியில் அந்தக் குழுவின் இசைத்தட்டுகள் இருந்தன. இடப்பக்கம் அவர் ஊதிய காலத்தவை, வலப்பக்கம் அவர் போன பிறகு வந்தவை. தூசி துடைக்கும்போது இடம் மாறக்கூடாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு உறையில் இருந்த எழுத்து விளங்காது, சத்தம் விளங்கியது. இடப்பக்கத்துக் குழல் மூக்கால் பேசும்.

"எங்கட கோயில் நாயனம் மாதிரி" என்று ஒருநாள் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

அவர் சிரித்தார். "இந்த வீட்டில காது இருக்கிறது உங்களுக்கு மட்டுந்தான்."

பிறகு அவருக்குக் கண் பார்வை போனது. அவர் இடப்பக்கத்துத் தட்டைப் போடச் சொல்லிக் கேட்பார். மனைவி வலப்பக்கத்துத் தட்டை எடுத்துப் போடுவார். கிழவரின் விரல்கள் முழங்காலில் ஓடும். "இது நான்" என்பார். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

"அந்தச் சத்தம் வேற, இந்தச் சத்தம் வேற எண்டு முப்பது வருசமா என்ர உயிரை எடுத்தார். இப்ப பாரும், ஆளுக்கு ஒண்டும் தெரியேல்லை" என்று, பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் என்னிடம் குசினிக்குள் வந்து சொல்வார். நானும் சிரித்து வைப்பேன்.

ஒருநாள் தட்டு ஓடிக்கொண்டிருக்கையில் கிழவர் என் கையைப் பிடித்தார்.

"சொல்லுங்கோ. இது நானோ?"

அம்மா வாசலில் நின்று உதட்டில் விரலை வைத்தார். ஆட்களை எதிர்த்துப் பேச எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"ஓம் ஐயா, நீங்கள்தான்."

அவர் கையை விட்டார். "அவ செய்யிறது எனக்கு முதல் நாளே தெரியும், அவவுக்காகத் தெரியாத மாதிரி இருந்தனான். உங்களைத்தான் கேட்டுப் பாத்தனான்."

அடுத்த கிழமை, அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து இடப்பக்கத்திலிருந்து ஒரு தட்டை எடுத்துப் போட்டேன். அந்த மூக்குச் சத்தம் வந்தது.

"ஐயா, இது உண்மையாய் நீங்கள்."

"தெரியும்" என்றார். விரல்கள் அசையவில்லை. "உங்களோட இருந்து கேக்க எனக்கு ஏலாது. நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினேன். தட்டை உறைக்குள் போட்டு, இடம் மாறாமல் வைத்தேன்.