உறுதிமொழிக்குப் பின் ஒரு கும்பிடு

மௌலா அலி ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த ஸ்டெல்லா, சைனிக்புரியில் ஒரு தனியார் பள்ளியின் பி.டி. டீச்சர். காலை அசெம்பிளி அவள் பொறுப்பு. ‘இந்தியா என் நாடு’ என்று அவள் உறுதிமொழியைத் தொடங்கினால் மைதானமே கை நீட்டித் திருப்பிச் சொல்லும்.

பள்ளியைப் புதிதாக வாங்கிய அச்யுத், உறுதிமொழி முடிந்ததும் மாலை போட்ட பாரதமாதா படத்தை எல்லோரும் குனிந்து கும்பிட வேண்டும் என்றார். ஸ்டெல்லா மட்டும் விறைப்பாக நின்றாள். அன்றே அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“தேசத்துக்குக் கும்பிடு போட்டா உங்க சாமி கோவிச்சுக்குமா?”

“கொடிக்குத் தினமும் சல்யூட் அடிக்கிறேன் சார். ஒரு படத்தை சாமியா வச்சுக் கும்பிடறது மட்டும் நமக்கு நக்கோ சார், வேணாம்.”

அவர் சிரித்தார். மறுநாள் அவளை மேடையேற்றினார். “உங்க டீச்சருக்கு நாட்டை வணங்கத் தெரியலை. நீங்களே சொல்லிக் கொடுங்க” என்று மைக்கில் சொன்னார்.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. “வங்கண்டி டீச்சர், வங்கண்டி” என்று தெலுங்கில் குனியச் சொல்லிக் கத்தினார்கள். அவள் நடக்கப் பழக்கிய அணிவகுப்புப் பிள்ளைகள்தான் முன்வரிசையில் நின்று கத்தினார்கள். ஸ்டெல்லா குனிந்தாள்.

யாரோ எடுத்த வீடியோ அவள் போகும் கிறிஸ்தவ சபைவரை போனது. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து அப்பத் தட்டோடு வந்த பாஸ்டர், அவள் நீட்டிய கையைத் தாண்டி அடுத்தவளிடம் போனார். அதன்பின் அவள் சபைக்குப் போகவில்லை. பள்ளிக்குப் போனாள். குனிய மறுக்கும் பிள்ளைகளைக் கவனிக்கும் வேலையையும் அச்யுத் அவளிடமே கொடுத்தார்.

மூன்றாம் வகுப்பு நஸ்ரின் ஒருநாள் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள்.

“கும்பிடு.”

“வேணாம் டீச்சர். அத்தா கும்பிடக் கூடாதுன்னாங்க.”

ஸ்டெல்லா அந்தச் சின்ன மணிக்கட்டுகளைப் பிடித்துச் சேர்த்தாள். பிடரியில் கை வைத்து அழுத்தினாள். குழந்தையின் காலுறை வழியே சிறுநீர் இறங்கியது. பக்கத்து வரிசை சிரித்தது. ஸ்டெல்லாவுக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. தனியாகக் குனிந்த பாரத்தில் பாதியை இன்னொரு கழுத்தில் இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அந்தச் சுகத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

நஸ்ரினை அவள் வீட்டார் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்டெல்லா ஒழுங்குக் குழுவின் தலைவியானாள். இப்போது அவள் வரிசைகளுக்கு நடுவே நடந்தால், பக்கத்தில் வருமுன்பே சின்னப் பிள்ளைகள் குனிந்துவிடுகிறார்கள்.