வாசலில் ஆக்கிய ஸ்தோத்திரச் சாப்பாடு

ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதைக் கையால் வழித்தெடுத்தால் விரல் நுனியில் தொடங்குகிற எரிச்சல் சாயங்காலம் வரைக்கும் போகாது. தேங்காய் எண்ணெய் தடவினாலும் தயிரில் விரலை முக்கி வைத்தாலும் அது தன் இஷ்டத்துக்கு இருந்துவிட்டுத்தான் போகும். ஆம்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர் பிரியாணியின் நிறமும் காரமும் அந்த விழுதுதான்; மிளகாய்த்தூளைக் கொட்டிக் கிளறிவிட்டு ஆம்பூர் பிரியாணி என்று போர்டு மாட்டுகிற கடைகளைப் பற்றி நான் இங்கே வாயைத் திறக்கப் போவதில்லை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அந்த எரிச்சலோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். விரல் எரிந்ததற்காக இல்லை, வீடு போகப்போகிறதே என்று அழுதேன்.

அன்று எங்கள் வீட்டில் ஸ்தோத்திரச் சாப்பாடு. சர்ச்சில் வருஷத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை வரும். நிலம் இருக்கிறவர்கள் விளைந்ததில் முதல் பங்கை, நெல்லோ பூசணிக்காயோ வாழைத்தாரோ, கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைத்து ஆண்டவருக்கு நன்றி சொல்வார்கள். என் அப்பாவின் தாத்தாவுக்கு ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. எங்கள் ஊரில் 'தோல் ஷாப்பு' என்று சொல்லப்படுகிற தோல் பதனிடும் தொழிற்சாலையில், சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்று வேலை செய்தவர் அவர். "நெலம் இருக்கறவன் நெல்லு கொண்டாரட்டும், நாம சோறு போடலாம்" என்று சொல்லி, பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு மாட்டுக்கறியும் சோறும் ஆக்கி, சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் உட்காரவைத்துப் போட்டாராம். அன்றிலிருந்து அது எங்கள் குடும்பத்துப் பண்டிகை. வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து ஆக்குவோம், மாட்டுக்கறிதான் ஆக்குவோம், சாப்பாட்டில் கைவைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் வாய்விட்டு ஒரு ஸ்தோத்திரம் சொல்வோம். பிள்ளைகள் பென்சில் பாக்ஸுக்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லும். அதிகம் பேசாத என் அப்பா ஒவ்வொரு வருஷமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுவார்: "வேலை குடுத்ததுக்கு ஸ்தோத்திரம்."

அந்த வருஷம் எங்கள் முறை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் தோல் ஷாப்புக்குப் பின்னால் இருந்த 'லைன் வீட்டை' விட்டு ஊருக்குள் வாடகைக்கு வந்திருந்தோம். லைன் வீடு என்றால் ஒரே அறை, பத்துக் குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ், அதற்குத் தாழ்ப்பாள் இல்லாத கதவு. ஒருத்தர் உள்ளே போனால் இன்னொருத்தர் வெளியே காவல் நிற்க வேண்டும். புது வீட்டில் தனிக் கக்கூஸ் இருந்தது, உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது, சமையலறையிலேயே குழாய் இருந்தது. ஒரு தாழ்ப்பாளின் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தது என்று சொன்னால் உங்களில் சிலர் சிரிப்பீர்கள். சிரிக்கிறவர்கள் பிறந்ததிலிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவர்கள்.

அம்மா ஷூ கம்பெனியில் 'அப்பர்', அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற செக்ஷனில் இருந்தாள். அப்பா தோல் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம்மை ஓட்டினார். இரண்டு சம்பளம் இருந்தும் அந்த வீடு கிடைக்க ஒரு வருஷம் ஆனது. பேரையும் அப்போது இருந்த தெருவையும் கேட்டதுமே, வீட்டை வேறு யாருக்கோ பேசி முடித்தாகிவிட்டது என்பார்கள். கடைசியில் கொடுத்தவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஆடு, கோழி, மீனு எது வேணா ஆக்கிக்குங்க. அது மட்டும் வேணாம்" என்றார், அது என்னவென்று பேர்கூடச் சொல்லாமல். ஓனர் நல்ல மனிதர்தான், அதிர்ந்து பேச மாட்டார், மாடியில் குடியிருந்தார். அவருடைய தொழில் தோல் மண்டி. மாட்டுத்தோலைப் பச்சையாக வாங்கி, உப்புப் போட்டு அடுக்கி, தோல் ஷாப்புகளுக்கு விற்பார். அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் மாட்டுத்தோலில் வந்தது. பத்து வயதில் இது எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

மாட்டுக்கறியை நாங்கள் விட்டுவிடவில்லை. இரண்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் குக்கரில் வேகவைத்தோம். விசில் வரும் நேரம் பார்த்து அம்மா அடுப்பில் கருவாட்டைச் சுட்டுத் தெருவுக்கே வாசனை காட்டுவாள். ஓனரின் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, உங்க வீட்டுல கருவாடு ரொம்ப ஜாஸ்தி என்று கிண்டல் செய்வார். அம்மாவும் சிரிப்பாள். கதவைச் சாத்தி உள்ளே வந்த பிறகு அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்காது.

முறை வந்ததும் அப்பா கோழி என்று ஆரம்பித்தார். ஒரு வருஷம் கோழி ஆக்கினால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார், வீட்டை வைத்துக்கொண்டு யாருக்கு இந்தப் 'பேஜார்' என்று கேட்டார். நானும் அப்பாவோடு சேர்ந்துகொண்டேன். கோழியே போதும்மா, கோழிதாம்மா எனக்குப் பிடிக்கும் என்று கூசாமல் பொய் சொன்னேன். லைன் வீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்று ஒரு வேளை சாப்பிடாமலும் இருந்தேன். வெள்ளிக்கிழமை அம்மா கம்பெனியிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "நாம திங்கறதுக்கு ஒளிச்சி ஆக்கனோம், சரி. ஆண்டவருக்கு நன்றி சொல்ற சோத்த ஜன்னல சாத்திட்டு ஆக்க மாட்டேன். வாசல்லதான் ஆக்கப் போறேன்."

ஞாயிறு காலை, அம்மாவோடு அதே செக்ஷனில் தைக்கிற கமருன்னிசா அக்கா ஒரு ஆட்டோவில் பெரிய 'தேக்சா'வோடு வந்து இறங்கினார். கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்குகிற, அடி கனமான பாத்திரம் அது; ஆட்டோவின் பின் சீட்டில் அது உட்கார்ந்திருக்க, அக்கா டிரைவருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு வந்திருந்தார். பத்து கிலோ கறியையும் அவரே தனக்குத் தெரிந்த கடையில் வாங்கிவந்திருந்தார். வாசலில் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டினார்கள். எண்ணெயில் இஞ்சி பூண்டு வதங்கியது, வெங்காயமும் புதினாவும் தயிரும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மிளகாய் விழுதை வழித்துக் கொடுக்கிற வேலையை என்னிடம் தந்தார்கள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்து அழுதேன். அழுதுகொண்டே வேலையைச் செய்தால் வேலைக்கு ஒன்றும் குறைச்சல் வராது என்றாள் அம்மா.

கறி வெந்தது. முக்கால் பதத்தில் வடித்த சீரகச் சம்பாவை அதன்மேல் கொட்டி, மூடியின் விளிம்பைச் சுற்றி மைதா மாவை ஒட்டி, மேலே தணலை அள்ளிப் போட்டார் கமருன்னிசா அக்கா. அந்த நேரத்தில்தான் ஓனர் படியிறங்கி வந்தார். அவருக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் கேட்டார்.

"எஸ்தரம்மா, இதுல இன்னா கறி?"

"மாட்டுக்கறிங்க" என்றாள் அம்மா.

இரண்டு வருஷத்தில் அந்த வாசலில் அந்தச் சொல் சத்தமாகச் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை. இதை இப்போதே இங்கிருந்து எடுங்கள் என்றார் ஓனர். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்: "தம் போட்டாச்சிங்க. அரை மணி நேரத்துக்குத் தொறக்கவும் கூடாது, நகுத்தவும் கூடாது. அப்புறம் பேசலாம்."

அது சாக்குப்போக்கு இல்லை. ஆவி வெளியே போய்விட்டால் அரிசி முக்கால் வேக்காட்டிலேயே நின்றுவிடும், பத்து கிலோ கறியும் பாழ். இதை ஓனரும் அறிவார். அவரும் ஆம்பூரில் பிறந்து ஆம்பூரில் விருந்து சாப்பிட்டவர்தான். பாத்திரத்தைத் தூக்கச் சொல்லவும் முடியாமல், மாடிக்குத் திரும்பிப் போகவும் மனசில்லாமல் அவர் அங்கேயே நின்றார். அப்பா ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஓனர் உட்கார்ந்துவிட்டார். சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டையும் பட்டுப்புடவையுமாக வந்த சொந்தக்காரர்கள், என்ன நடக்கிறது என்று தெரிந்ததும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். மூடிய ஒரு பாத்திரத்தைச் சுற்றி நாற்பது பேர் காத்திருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து ஓனர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. தெருவுல பேசுவாங்க."

"நாங்களும் இந்தத் தெருவுலதானே இருக்கோம்?" என்றாள் அம்மா. பிறகு, தணலை ஒரு குச்சியால் பரப்பிவிட்டுக்கொண்டே, சண்டைக்காரக் குரல் கொஞ்சமும் இல்லாமல் சொன்னாள்: "தோலு உங்களுக்கு, கறி எங்களுக்குன்னுதானே இத்தன நாளா இருந்துச்சி. அந்தத் தோல வச்சி நீங்க வீடு கட்டலாம், அந்தக் கறிய வச்சி நாங்க சோறு ஆக்கக் கூடாதா?"

இந்தக் கேள்வியை அதற்குப் பிறகு நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், படித்தவர்களிடமும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொருவரும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். ஓனர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மாசக் கடைசியில் காலி செய்துவிடுங்கள் என்றார். அம்மா சரியென்று தலையாட்டினாள். சாப்பிட்டுப் போகிறீர்களா என்றும் கேட்டாள். அது மரியாதையா திமிரா என்று எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் வாக்குவாதம் நடக்கும். இரண்டும்தான் என்பது என் கட்சி. அவர் திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனார்.

கமருன்னிசா அக்கா மூடியைத் திறந்தார். பாய் விரித்து, இலை போட்டு, கத்தரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும் வைத்து எல்லாரும் வாசலிலேயே உட்கார்ந்தோம். ஸ்தோத்திரம் சொல்லும் நேரம் வந்தது. என் முறையில், எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அடுத்து அப்பா. வழக்கமான வேலை ஸ்தோத்திரம் வரும் என்று எல்லாரும் காத்திருக்க, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கோழி கோழி என்று ஒரு வாரமாக நச்சரித்த மனிதர், நாற்பது பேருக்கு முன்னால், "எஸ்தர எனக்குக் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம்" என்றார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவசர அவசரமாகப் பசிக்கு ஸ்தோத்திரம் சொல்லி, ஆறிவிடும் சாப்பிடுங்கள் என்று பேச்சை முடித்தாள்.

மாசக் கடைசியில் லைன் வீட்டுக்கே திரும்பினோம். அங்கேயிருந்து ஆறு வருஷம் நகரவில்லை. நான் வயதுக்கு வந்ததும் அந்த லைன் வீட்டில்தான், ஒவ்வொரு தடவையும் கதவுக்கு வெளியே அம்மா காவல் நிற்க. இதைத் தித்திப்பாகச் சொல்ல என்னால் முடியாது. அந்த வருஷங்களில் அம்மாவை நான் வெறுத்தேன். ஒரு நாள் கோழி ஆக்கியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று அவள் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். அடுத்த நாளும் கோழிதான் ஆக்க வேண்டியிருக்கும் என்றாள். அது எனக்குப் புரிய, நானே வேலைக்குப் போய் ஊர் ஊராக வாடகை வீடு தேட வேண்டியிருந்தது.

இப்போது நான் வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆம்பூரில் அந்த லைன் வீடுகள் இல்லை, இடித்துவிட்டார்கள். ஊர் நடுவில் இருந்த தோல் ஷாப்பு இல்லை, வேலைக்கு எழுப்புகிற அதன் சங்கும் இல்லை. ஓனரின் வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை நிற்கிறது; அவருடைய பிள்ளைகள் தோல் தொழிலை விட்டு எங்கேயோ போய்விட்டார்கள் என்று கேள்வி. மறைந்துபோனவற்றுக்காகக் கண்ணீர் விடுவது இந்த மாதிரிக் கட்டுரைகளின் வழக்கம், எனக்கு அது வரவில்லை. பேர்கூடச் சொல்லாமல் 'அது மட்டும் வேணாம்' என்று கண்டிஷன் போடுகிற நேர்மைகூட மறைந்துபோனதுதான் கொஞ்சம் வருத்தம். இப்போதெல்லாம் புன்னகையோடு தண்ணீர் கொடுத்து, பிள்ளை என்ன படிக்கிறது என்று விசாரித்து, போன் பண்ணுகிறோம் என்று அனுப்பிவைக்கிறார்கள்.

நாங்கள் இப்போது இருக்கிற வீட்டை விற்கப் போகிறார்கள், காலி செய்ய வேண்டும். இரண்டு மாதமாக வீடு பார்க்கிறோம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாமே என்கிறார் என் கணவர். நான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததுமே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள், வருஷத்தில் ஒரு நாள் வாசலில் அடுப்பு மூட்டி நாற்பது ஐம்பது பேருக்கு ஆக்குவோம், சம்மதமா? போன் பண்ணுகிறோம் என்று சொன்னால் நான் எழுந்திருப்பதில்லை. இல்லையென்றால் ஏன் இல்லையென்று இப்போதே என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், கேட்டுவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் சத்துவாச்சாரியில் ஓர் அம்மாள் கால்மணி நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்களுக்கு அது ஆகாதும்மா என்று ஒருவழியாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த வருஷம் என் முறை. வீடு இன்னும் கிடைக்கவில்லை. கறிக்குச் சொல்லிவிட்டேன்.