அண்ணி வைத்த முன்னொட்டு

அலுவலகத்தில் அவளை எல்லாரும் ‘மேடம்’ என்றுதான் அழைத்துவந்தார்கள், நாத்தனார் வந்து சேரும் வரையில்.

பல் மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் செய்யும் நிறுவனம் அது. அந்த மென்பொருளை வாங்கும் பிற நிறுவனங்கள் தங்கள் திரைகளையும் பொத்தான்களையும் அதன்மேல் கட்டிக்கொள்ளும். அப்படிக் கட்டுகிறவர்கள் எந்தக் கட்டளையை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்லும் பொறுப்பு அவளுடையது. புதிதாக எழுதப்பட்ட கட்டளை எதுவாயினும் அதன் பெயருக்கு முன்னால் ‘சோதனை’ என்ற சொல்லை ஒட்டிவிடுவாள். இது நாளை மாறலாம், மறைந்தும் போகலாம் என்பது அதன் பொருள். வண்ணம் காயாத கதவில் மாட்டும் அட்டையைப் போன்றது. மென்பொருளின் ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்த வெளியீடு வரை கட்டளை மாறாமல் நின்றுவிட்டால், ஒட்டிய சொல்லை அவளே எடுத்துவிடுவாள்.

அந்த வேலையில் அவளுக்கு இருந்த பிடிப்பு வீட்டையும் விட்டுவைக்கவில்லை. சமையலறையில் புதுக் குழாய் மாட்டினால், “இது இன்னும் சோதனையில இருக்கு, யாரும் முழுசாத் திருகாதீங்க” என்பாள்.

“கல்யாணத்துக்கு அப்புறம் என்னையே ரொம்ப நாள் சோதனையிலதான் வெச்சிருந்தா. எடுத்துட்டாளான்னு கேக்க இன்னும் பயமா இருக்கு” என்று கணவர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

கணவரின் தங்கை படிப்பை முடித்து வேலை தேடியபோது, மேலாளரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். முதல் நாளே அந்தப் பெண், அறை முழுவதும் கேட்கும்படி, “அண்ணி, நான் எங்க உக்காரணும்?” என்றாள். வாரம் திரும்புவதற்குள் அலுவலகமே அவளை அண்ணி என்றது. வாயிற்காவலர்கூட, “அண்ணி, அடையாள அட்டை?” என்று கை நீட்டினார். பல ஆண்டுகள் தேய்த்து மெருகேற்றிய ‘மேடம்’ உதிர்ந்தே போயிற்று. அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாலும் அது சிரிப்புதானே.

பிறகு நாத்தனார் ‘நிரப்பு’ என்ற கட்டளையை எழுதினாள். வருவதாகச் சொன்ன நோயாளி வராமற்போனால், காத்திருப்பவர்களில் பக்கத்தில் இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து அந்த இடத்தில் அமர்த்தும் கட்டளை அது. எளியது, அதுவரை ஒருவருக்கும் தோன்றாதது. வழக்கப்படி அண்ணி முன்னொட்டை ஒட்டினாள். ‘சோதனை-நிரப்பு’ வெளியே போனது. மருத்துவமனைகள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின.

செய்தி வீட்டுக்கும் வந்தது.

“சின்னவ எழுதினதை ஊரே உபயோகிக்குதாமே!” என்றார் மாமியார், சாப்பாட்டு மேசையில். “ஆமா, நீ அங்க என்னம்மா எழுதுற?”

“அதுக்கு முன்னாடி ஒரு சொல் எழுதுறேன், அத்தை.”

“ஒரு சொல்லா? அதுக்கா இவ்வளவு நேரமாகுது வீட்டுக்கு வர?”

நாத்தனார் தண்ணீர்க் குவளைக்குள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அண்ணியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அடுத்த வெளியீடு வந்தது. முன்னொட்டை எடுக்கவேண்டிய முறை. அவள் எடுக்கவில்லை. ஆள் கிடைக்காவிட்டால் கட்டளை என்ன பதில் தருகிறது என்பது தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினாள். நாத்தனார் அதைச் சரிசெய்தாள். அதற்கடுத்த வெளியீட்டில், உள்ளே கொடுக்கும் விவரங்களின் வரிசை சரியில்லை என்றாள். அதையும் நாத்தனார் மாற்றினாள். இரண்டும் நியாயமான குறைகள்தாம். ஆனால் வேறொருவர் எழுதியிருந்தால் அவை தன் கண்ணில் பட்டே இருக்கமாட்டா என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ‘சோதனை’ என்ற சொல் அந்தப் பெயரின் தலையில் இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது வயிற்றில் எரிந்த தீக்கு ஒரு வாய் மோர் வார்த்ததுபோல் இருந்தது.

ஒருநாள் மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் நாத்தனார் மெல்லக் கேட்டாள்.

“அண்ணி, இந்த வெளியீட்டுல எடுத்துடுவீங்கதானே?”

“என்ன அவசரம்?”

“என்னையும் சோதனையிலதான் வெச்சிருக்காங்க. நான் எழுதினதுல ஒண்ணாவது உறுதியானதுன்னு ஆனாத்தான் வேலை நிரந்தரமாம். இல்லேன்னா இந்த மாசத்தோட அனுப்பிடுவாங்க.”

“பாக்கலாம்” என்றாள் அண்ணி. மின்தூக்கிக் கண்ணாடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

அன்று பிற்பகல் முழுவதும் அவள் அந்தக் கட்டளையை உடைத்துப் பார்த்தாள். வராதவரையே மீண்டும் கூப்பிடவைத்தாள். ஒரே நாற்காலிக்கு இருவரை ஏவினாள். கடந்துபோன தேதிகளைக் கொடுத்தாள். எதற்கும் அசையவில்லை. தானே எழுதியிருந்தால்கூட இவ்வளவு கட்டுக்கோப்பாக எழுதியிருக்கமாட்டாள். குறை இருந்தபோது வந்த பொறாமையைவிட, குறையே இல்லை என்று தெரிந்தபின் வந்த பொறாமைக்குக் கசப்பு அதிகம். அந்தக் கசப்போடுதான் முன்னொட்டை எடுத்தாள். பெயர் மாறுகிறது என்று எல்லா நிறுவனங்களுக்கும் அறிவிப்பும் அனுப்பினாள்.

மறுநாள் தொலைபேசி ஓயவில்லை. மேலாளர் ஒரு வாடிக்கையாளரின் அழைப்பை எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

“அது எச்சரிக்கைன்னு யாருக்குங்க தெரியும்? இத்தனை மாசமா இருக்கு, சோதனை-நிரப்புதான் முழுப் பேருன்னு நெனச்சோம். பொத்தான்லயே அப்படித்தான் போட்டிருக்கோம். வரவேற்புல இருக்கறவங்க, ‘ஆள் வரல, ஒரு சோதனை போடு’ன்னு பேசிப் பழகிட்டாங்க. இப்ப பேரை மாத்தினீங்கன்னா எங்க மென்பொருளே படுத்துடும்!”

மாறும் என்று எச்சரிக்க எதை ஒட்டினாளோ, அதுவே மாற்றமுடியாததாக வேர்விட்டிருந்தது. உரிய காலத்தில் எடுத்திருந்தால் ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். “சரி, பேரு அப்படியே இருக்கட்டும். ஆனா சிக்கல் அதில்ல. பேர்லயே சோதனைன்னு இருக்கறதை உறுதியானதுன்னு நான் மேலிடத்துல எப்படிச் சொல்றது? அந்தப் பொண்ணோட வேலை இதுலதான் தொங்குது. அண்ணி, நீங்க விளக்கக் குறிப்புல ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்க வரியைக் காட்டினா ஒத்துக்குவாங்க.”

அவள் தன் மேசைக்குப் போனாள். எதிர்வரிசையில் நாத்தனார் திரையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி முதலில் இப்படித் தட்டினாள்: ‘இக்கட்டளை உறுதியானதாகக் கருதப்படுகிறது.’ கருதுபவர் யார்? செயப்பாட்டுவினையில் எழுவாய் ஒளிந்துகொள்ள வசதி உண்டு. தனக்கும் அங்கே ஒளிந்துகொள்ள இடம் இருப்பதை அவள் கண்டாள். ‘கருதப்படுகிறது’ என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்து மேலிடத்தார், ‘அவருக்கே நிச்சயமில்லை போலிருக்கிறது’ என்று தள்ளிவிடுவார்கள் என்பதையும் கண்டாள். கை சற்று நேரம் விசைப்பலகையின்மேல் நின்றது. பிறகு அழித்துவிட்டு எழுதினாள்:

‘சோதனை என்பது இப்பெயரின் ஒரு பகுதியே. இக்கட்டளை உறுதியானது.’

அனுப்பிவிட்டு, முகம் கழுவப் போனாள்.

நாத்தனாரின் வேலை நிரந்தரமான அன்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். மாமியாருக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை.

“அதென்ன, சின்னவ செஞ்சதுக்கு முன்னாடி உன் பேரைப் போட்டிருக்காங்களாமே?”

“என் பேரு இல்ல அத்தை, என் சொல்லு.”

“என் பேருக்கு முன்னாடி அப்பாவோட எழுத்து, நான் பெத்ததுக்கு முன்னாடி அண்ணியோட சொல்லு” என்றாள் நாத்தனார். “போகட்டும் அண்ணி, இன்னொண்ணு எழுதிட்டிருக்கேன். அதுக்காவது காலத்துல எடுத்துடுங்க.”

“இன்னொண்ணா? என்னது?” என்று அவள் கேட்டுவிட்டாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது; கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

“முடியட்டும், சொல்றேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். முகம் தெரியாத எத்தனையோ மருத்துவமனைகளில் இந்நேரம் யாரோ ஒருவர் வராமற்போயிருப்பார். யாரோ ஒரு பெண், ‘ஒரு சோதனை போடு’ என்றிருப்பாள். சோதனை என்றுதான் சொல்வார்கள். நிரப்பு என்று யாரும் சொல்வதில்லை. அதை நினைத்ததும் சாப்பாட்டில் திடீரென்று ஒரு ருசி வந்தது. அவள் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.