மூன்று நாயகிகள், ஒரு கெமிஸ்ட்ரி நோட்டு

போன வாரம் அண்ணன் மகள் யாழினி வீட்டுக்கு வந்திருந்தாள். வந்ததிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடி என்று கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. முகம் தெரியாத பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு விளையாடுகிறார்களாம். ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவை உருவாக்கி, அந்த ஆளாகவே பேசி, மாற்றி மாற்றி எழுதிக் கதையை நகர்த்த வேண்டும். இவள் அனுப்பிய நாயகனை, குழுவை நடத்துகிற பெண் திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

"நம்பற மாதிரி இல்லைன்னு சொல்றாங்க அத்தை. சூப்பர் ஹீரோவ எதுக்கு நம்பணும்?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான், இந்தப் பேச்சை நான் பேசி எத்தனை வருஷமாயிற்று என்று உறைத்தது. அவளிடம் பாதிதான் சொன்னேன். மீதியை உங்களிடம் சொல்கிறேன்.

பினாயில் வாசனையும் புளிச்சோறு வாசனையும் ஒன்றாக வந்தால் இன்றைக்கும் நான் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவேன். தர்மபுரிக்கு வெளியே, சேலம் போகிற சாலையை ஒட்டி இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் இரண்டு வருஷம் அடைபட்டுக் கிடந்தேன். அடைபட்டு என்பது மிகைப்படுத்தல் இல்லை. காம்பவுண்டுச் சுவரின் மேல் உடைந்த பாட்டில் சில்லுகளைப் பதித்திருந்தார்கள். படிப்பறை ஜன்னல்களில் பாதி உயரத்துக்கு வெள்ளைப் பெயின்ட். ரோட்டைப் பார்த்தால் மார்க் குறையுமாம். விடியற்காலை எழுப்பிவிட்டால் படுக்கப் போகும்வரை பெஞ்சுதான். பெற்றோர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலாம். மற்ற ஞாயிறுகளில் வார்டன் மேடத்தின் அறையில் ஐந்து நிமிஷம் போன். அதுவும் ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்திலேயே அவர் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். அவர் காதில் விழுந்தால் பரவாயில்லை என்கிற விஷயங்களை மட்டும் அம்மாவிடம் பேசிப் பேசி, அம்மாவிடம் பேச வேறு விஷயமே இல்லை என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

அப்பாவுக்கு அரூர் மஞ்சள் மண்டியில் வேலை. என்னை அங்கே கொண்டுபோய் விட்ட அன்று சுவரை அண்ணாந்து பார்த்து, "நல்லா பாதுகாப்பா இருக்குது" என்றார். எதிலிருந்து பாதுகாப்பு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்போதெல்லாம் எனக்கு எதுவும் கேட்கத் தோன்றாது.

என் பெஞ்சில் இன்னும் இரண்டு பேர். கோகிலா பென்னாகரம் பக்கத்துப் பெண். வீட்டில் கன்னடம் பேசுவார்கள், அதனால் பிடிக்காத எதற்கும் அவள் வாயிலிருந்து வேண்டாம் என்பதற்கு "பேடா" என்று வந்துவிடும். காலை உப்புமாவுக்கு பேடா, கால்குலஸுக்கு பேடா. ரேவதி சித்தேரி மலையிலிருந்து வந்தவள். அவள் ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்கு வந்த முதல் பெண். அதிகம் பேச மாட்டாள். ஆனால் ரோட்டில் கேட்கிற ஹாரனை வைத்தே எந்த பஸ் என்று சொல்லிவிடுவாள். ஜன்னலில் பெயின்ட் அடித்தவர்கள் ரேவதியின் காதைக் கணக்கில் எடுக்கவில்லை.

விளையாட்டைத் தொடங்கியது கோகிலா. அவளுடைய நீளமான கெமிஸ்ட்ரி நோட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். ஆளுக்கு ஒரு நாயகி. ஆளுக்கு நான்கு வரி எழுதி டெஸ்குக்குக் கீழே தள்ளிவிட வேண்டும். அவரவர் நாயகியைத்தான் அவரவர் எழுதலாம். ஒருத்தி தனியாக எதையும் ஜெயிக்கக் கூடாது. யாராவது பக்கத்தில் வந்தால் நோட்டைப் புரட்டினால் போதும், பென்சீன் வளையம் வந்துவிடும்.

நான் முதலில் எழுதியவளின் பெயர் வஜ்ரேஸ்வரி. பறப்பாள், கண்ணிலிருந்து நெருப்பு வரும், சாகவே மாட்டாள். ஒன்றரைப் பக்கம் எழுதிப் பெருமையாக நீட்டினேன். கோகிலா படித்துவிட்டு, "இவளுக்குப் பசிக்குமா?" என்றாள்.

"பசிக்காது."

"பேடா டி. பசிக்காதவகூட யாரு வெளையாடுவா?"

ரேவதி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். "செருப்பு அறுந்துபோச்சுன்னா இவ என்னா பண்ணுவா?"

நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன். அறுந்த செருப்போடு நடந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி வரும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. இரண்டு நாள் அவர்களோடு பேசவில்லை, ரோஷம். மூன்றாம் நாள் வஜ்ரேஸ்வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேறொருத்தியை எழுதினேன். பெயர் சுவர்ணா. எந்தச் சுவரையும் ஊடுருவிப் போய்விடுவாள். ஆனால் அவள் உடம்பு மட்டும்தான் போகும். மூக்குக் கண்ணாடி இந்தப் பக்கமே கீழே விழுந்துவிடும். அந்தப் பக்கம் போய் நின்றால் எல்லாம் மங்கலாகத் தெரியும், யாராவது கையைப் பிடித்து நடத்த வேண்டும். (என் கண்ணாடியின் தடிமன் அப்படி. வகுப்பில் என்னை சோடாபுட்டி என்பார்கள்.) கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, "இவள நம்பறேன்" என்றாள். எந்தப் பரீட்சை மார்க்கும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

கோகிலாவின் நாயகி நிமிஷா. மூச்சைப் பிடித்திருக்கும்வரை நேரத்தை நிறுத்தி வைப்பாள், ஆனால் அவளுக்கு இளைப்பு, பத்து எண்ணுவதற்குள் இருமல் வந்துவிடும். ரேவதியின் நாயகி செவ்வந்தி. எவ்வளவு தூரத்துச் சத்தமும் கேட்கும். வேண்டாம் என்று காதை மூட மட்டும் முடியாது. வில்லனை உருவாக்கத்தான் ஒரு வாரம் சண்டை. எனக்கு அவன் முழுக் கெட்டவனாக வேண்டும். கோகிலா ஒத்துக்கொள்ளவில்லை. "கெட்டவனுக்கும் யாரோ ஒருத்தர் சோறு எடுத்து வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருப்பாங்கள்ல?" என்றாள். கடைசியில் ஊர் ஊராக மதில் கட்டுகிற ஒரு கான்ட்ராக்டர் வில்லனானான். அவனுக்கு ஓயாத பல்வலி. பல்வலி கொடுத்த பிறகு அவனை வெறுப்பது எங்களுக்கே கஷ்டமாகிவிட்டது.

ஐந்தாறு மாதம் அந்த நோட்டில்தான் நாங்கள் வாழ்ந்தோம். கதையில் எங்கெங்கோ போனோம். ஒகேனக்கல் பாறையில் நிமிஷா தண்ணீரை நிறுத்தினாள், அது விழுவதற்குள் நாங்கள் ஓடிக் கடந்தோம். பெல் அடித்தால் பழையபடி பெஞ்ச், பெயின்ட், புளிச்சோறு.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ரேவதி எழுதிய நான்கு வரி வந்தது. "செவ்வந்தி இன்று தன் வீட்டைக் கேட்டாள். அப்பாவின் செருமல் கேட்டது. ஆட்டுக்குட்டிகள் கேட்டன. அம்மா எந்த இடத்திலும் கேட்கவில்லை."

கதைப்படி நாங்கள் அப்போது கிருஷ்ணகிரி அணைக்கட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என்னவோ எழுதியிருக்கிறாள் என்று நான் அடுத்த நான்கு வரிக்குத் தயாரானேன். கோகிலா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். சாப்பாட்டு வரிசையில் ரேவதியைப் பிடித்து நிறுத்தி, "வூட்ல என்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

மூன்று ஞாயிறாக ரேவதியின் அப்பா மட்டும்தான் போனில் பேசுகிறார். அம்மா எங்கே என்றால், ஊருக்குப் போயிருக்கிறாள் என்கிறார். "எங்கம்மாவுக்குப் போறதுக்கு வேற ஊரே இல்லடி" என்றாள் ரேவதி. வார்டன் மேடத்திடம் கேட்டாளாம். "பரிச்ச முடியட்டும், எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க" என்றாராம். அவருக்கு ஏதோ தெரியும் என்று அந்தப் பதிலிலிருந்தே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோகிலா அச்சு அசலாகப் பிறர் குரலில் பேசுவாள். இயற்பியல் சார், சமையல்கார அக்கா, எல்லாருக்கும் மேலே பள்ளி முதலாளியின் மனைவி. அவரைப் பெரிய மேடம் என்போம், எப்போதாவது சொல்லாமல் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். மூக்கால் இழுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்திப் பேசுவார். அவர் பேச்சைக் கேட்டால் வார்டனே எழுந்து நின்றுவிடுவார்.

கெமிஸ்ட்ரி லேபில் வார்டன் அறைக்குப் பேசுகிற ஒரு இன்டர்காம் இருந்தது. லேப் லீடர் நான். சாவி என் பாவாடை முடிச்சில் இருக்கும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் லேபைத் திறந்துவிட வேண்டும், கோகிலா பெரிய மேடம் குரலில் பேசிவிட்டு வந்துவிடுவாள். என் வேலை அவ்வளவுதான். அதற்கே சாவியை இரண்டு தரம் கீழே போட்டேன். கண்ணாடியெல்லாம் வேர்வை. சுவரைத் துளைத்துப் போகிறவளை எழுதிய ஆள் நான்.

கோகிலா ரிசீவரை எடுத்தாள். "யாரு, வார்டனா? அந்த… சித்தேரிப் புள்ள இருக்குதில்ல… அதுக்கு வூட்டுக்குப் போன் போட்டுக் குடுத்துருங்க. இப்பவே. நீங்க வெளிய நில்லுங்க."

அந்தப் பக்கமிருந்து "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று வந்தது எனக்கே கேட்டது.

ரேவதி அவள் மாமாவின் நம்பருக்குப் பேசினாள். திரும்பி வந்தபோது அழவில்லை. "எங்கம்மாவுக்கு வயித்துல ஆபரேஷனாம். சேலத்து ஆஸ்பத்திரில கெடக்குதாம். தெனமும் என்னையத்தான் கேக்குதாம். படிக்கிற புள்ளைகிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பாதான் சொல்லிட்டாராம்" என்றாள். பிறகு நேராகப் போய் கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வார்டன் மிரட்டினார், கெஞ்சினார், தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார். "எங்கப்பாவ வரச் சொல்லுங்க மேடம், நான் போறேனுங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. சாயங்காலம் அவள் அப்பா வந்தார். மகளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றார். அவள்தான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். அந்தக் கேட் எங்களில் ஒருத்திக்காகத் திறந்ததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய மேடம் நிஜமாகவே வந்தார். "நீங்க சொன்னபடி பேச விட்டேங்க மேடம், இப்ப புள்ளையே போயிடுச்சு" என்று வார்டன் சொல்லப்போக, குட்டு உடைந்தது. பெட்டிகளைக் கொட்டிச் சோதித்தார்கள். நோட்டு கிடைத்தது. அதில் பெரிய மேடத்தைப்போல மூக்கால் பேசுகிற ஒரு பூதம் வேறு இருந்தது. அது கோகிலாவின் கைவரிசை.

எங்கள் இருவரையும் ஆபீஸில் நிற்க வைத்தார்கள். "லேபத் தொறந்தது யாரு?"

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. சுவரை அண்ணாந்து பார்த்த முகம். பரீட்சை எழுத விடாமல் அனுப்பிவிட்டால் அந்த முகம் என்னவாகும்?

"பூட்ட மறந்துட்டேனுங்க மேடம்" என்றேன்.

கோகிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. நான் எழுதிய வரியைப் படித்துப் பார்ப்பதுபோல ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க மேடம், தொறந்து கெடந்துச்சு. நானாத்தான் போனேன்" என்றாள்.

மறுநாள் அவள் அப்பா வந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் படிப்பறையில் இருந்தேன். ஜன்னலில் பெயின்ட் இருந்ததால் அவள் போவதைப் பார்க்க முடியவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெஞ்சின் மேல் ஏறி நின்றிருந்தால் தெரிந்திருக்கும். மூன்று பேர் பெஞ்சில் தனியாக இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தேன். நல்ல மார்க் வாங்கினேன். அரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் படம் போட்டு பேனர் வைத்தார்கள். அப்பா அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பக்கம் பஸ் ஏறவே பிடிக்காமல் போனது.

ரேவதி அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை. அம்மா பிழைத்து எழுந்தார். அடுத்த வருஷம் அரசுப் பள்ளி வழியாக எழுதி, நர்ஸுக்குப் படித்து, இப்போது மலையில் அவள் ஊர்ப் பக்கத்திலேயே வேலை பார்க்கிறாள். போன வருஷம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அவள் அம்மா சாமைச் சோறு போட்டார். சாப்பிட்டுக் கைகழுவும்போது ரேவதியிடம் அன்று ஆபீஸில் நான் சொன்னதைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"நீ தொறக்கலைன்னா நான் எங்கம்மாவப் பாத்திருக்க முடியாது. அது எனக்குப் போதும்" என்றாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா அவகிட்ட நீ போயிருக்கணும் புள்ள" என்றாள்.

போனேன், ரொம்பத் தாமதமாக. பென்னாகரத்துக்கு அப்பால் அவள் சொல்லியிருந்த ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது. கர்நாடகப் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது, எந்த ஊரென்று தெரியாது என்றார்கள். அந்தப் பள்ளியும் இப்போது இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது சுவரை இடித்துவிட்டார்கள். படிப்பறையில் தக்காளிப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. கதவு கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வெளியே வரலாம். நோட்டை வார்டன் என்ன செய்தாரோ.

யாழினி போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பெரிய மேடம் மூக்கால் இழுத்துப் பேசியது இப்போதும் என் காதில் அப்படியே கேட்கிறது. அது கோகிலா பேசியது. இயற்பியல் சாரின் அதட்டல், சமையல்கார அக்காவின் முணுமுணுப்பு, எல்லாம் கோகிலா பேசியதுதான் எனக்கு மிச்சம். கோகிலா கோகிலாவாகப் பேசிய குரலைத்தான் தேடித் தேடிப் பார்க்கிறேன். சொற்கள் வருகின்றன, குரல் வரவில்லை.